சூடு தாங்காத நாற்பத்தொன்று

பவானேஸ்வரிக்குக் கண் கூர்மை. மலாக்காவில், புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அரிசியில் கல் பொறுக்குகிற வேலை எந்த வீட்டில் இருந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கண்தான் பிற்பாடு அவளுக்குச் சோறு போட்டது. அதே கண்தான் அந்தச் சோற்றுக்கு உலையும் வைத்தது.

ஆயர் குரோ டோல் சாவடியைத் தாண்டி ஓர் ஆய்வுக் கழகம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் நமக்கு வம்பு, வேண்டாம். அங்கே அவள் பதினைந்து வருடம் புழு வளர்த்தாள். புழு என்றதும் யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, முட்டையிலிருந்து தாயாக மூன்றே நாள். உள்ளங்கை அகல பிளேட்டில் அகர் ஊற்றி, மேலே கொஞ்சம் பாக்டீரியா தடவிவிட்டால் அதைத் தின்று தன்பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். பிளாட்டினக் கம்பியை நெருப்பில் காட்டி, ஆறியதும் அதன் நுனியால் ஒரே ஒரு புழுவை நோகாமல் தூக்கி வேறு பிளேட்டுக்கு மாற்றவேண்டும். படித்த பிள்ளைகள் ஆறு மாதம் பழகியும் புழுவைக் குத்திக் கொன்றார்கள். பவானிக்கு இரண்டாவது நாளே கை வந்துவிட்டது.

அங்கே நடந்த ஆராய்ச்சியை அவள் தன் புருஷன் விமலனுக்கு ஒருமுறை விளக்கினாள். லாரி ஓட்டுகிற மனுஷன், ஆனால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். குட்டிப் புழுவின் வயிற்றில் ஆறு செல்கள் வரிசையாக நிற்கின்றன. மேலேயிருந்து இன்னொரு செல் 'முட்டை வெளியே போக வழி செய்' என்று சேதி அனுப்புகிறது. சேதி செல்லுக்குள் புரதம் புரதமாகக் கைமாறிப் போகும். ஒவ்வொன்றின் மேலும் பாஸ்பேட் என்ற சின்னத் துண்டு ஒன்று ஒட்டப்படும். ஒட்டியதும் அது முழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். ஒட்டுகிறவர்களுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டியதைப் பிய்த்தெடுத்துப் 'போதும், அடங்கு' என்று சொல்கிறவர்களுக்குப் பாஸ்பட்டேஸ் என்று பெயர். ஆறில் மூன்று செல்தான் வழி செய்யவேண்டும். பாஸ்பட்டேஸ் தன் வேலையைச் செய்யாவிட்டால் மற்ற செல்களும் எழுந்து ஆளுக்கு ஒரு வழி செய்யக் கிளம்பிவிடும். வயிறு நெடுகப் புடைப்பு புடைப்பாக நிற்கும். சேதியே போகாவிட்டால் அது இன்னும் கொடுமை. வழியே இருக்காது. முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டிகள் தாயை உள்ளிருந்தே தின்றுவிடும்.

"அப்ப பால் பொங்குறப்ப அடுப்ப தணிக்கிற ஆளு மாதிரின்னு சொல்லு" என்றான் விமலன்.

"ஆமாலா. அதேதான்" என்றாள். அந்த ஆராய்ச்சியை அதைவிட எளிதாகச் சொன்னவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

அவளுடைய மேலதிகாரி டாக்டர் காண்டீபன். யாழ்ப்பாண வம்சம், தாத்தா காலத்தில் தோட்டத்துக் கணக்கு பார்த்த கிராணி, அப்பா ரயில்வே ஆபீசர், இவர் டாக்டர் பட்டம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் பவானி வைத்த எண்ணிக்கை அவர் வாயிலிருந்து வரும்போதெல்லாம் 'நாங்கள் எண்ணினோம்' என்றுதான் வரும். அந்த 'நாங்கள்' என்பதில் அவள் இருந்தாளா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆய்வு மாணவி திவ்யதர்ஷினி. மலாய்ப் பள்ளியில் படித்த பெண். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நாற்பத்தொன்று என்று எண்ணிட்ட ஒரு புழு வம்சம்தான் அவளுடைய படிப்பு. அதன் பாஸ்பட்டேஸ் மரபணுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தார்கள். மாற்றினால் என்ன ஆகும் என்பது கேள்வி. இரண்டு வருடமாக ஒன்றுமே ஆகவில்லை. நாற்பத்தொன்றும் மற்ற புழுக்களைப் போலவே ஒழுங்காக ஒரே ஒரு வழி வைத்துக்கொண்டு முட்டை போட்டது. திவ்யாவின் உபகாரச் சம்பளம் முடியப்போகிறது. காண்டீபனின் பேராசிரியர் பதவி உயர்வு மேசையில் கிடக்கிறது. அவர்கள் இருவரும் அந்தப் புழுவைப் பார்த்த பார்வையில் அது வெட்கப்பட்டாவது ஏதாவது செய்திருக்கலாம்.

அந்த வருட ஆயுத பூசை ஒரு வியாழக்கிழமை வந்தது.

பவானியின் அப்பா சாமிக்கண்ணு, தோட்டத்து ரப்பர் பால் கொட்டாயில் ஷீட் உருட்டும் மெஷின் ஓட்டியவர். ஆயுத பூசையன்று மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, சுவிட்சை அணைத்துவிடுவார். பூசை போட்டதை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. வருடம் முழுக்க நமக்காக ஓடினது ஒரு ராத்திரி படுக்கட்டும் என்பார். தோட்டம் போனது, ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, சாமிக்கண்ணும் போய்ச் சேர்ந்தார். பூசையை மட்டும் பவானி விடவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு ஒரு பொட்டு, கம்பிக்கு ஒரு பொட்டு, புழுக்களை இருபது டிகிரிக் குளிரில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்கு ஒரு பொட்டு. பெட்டியை இரவெல்லாம் நிறுத்தினால் புழு வெந்துபோகும் என்று தெரியாதவளா அவள்? கற்பூரம் எரிகிற நேரம் மட்டும் அணைத்து, மன்னிப்பு கேட்டுக்கொண்டு உடனே போட்டுவிடுவாள். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. காண்டீபனும் வந்து விபூதி பூசிக்கொண்டு சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த வியாழன் மூன்று மணிக்குக் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம், இடுப்பெலும்பு. பவானி பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெட்டி அணைந்தபடியே கிடந்தது.

ஆறு மணிக்குத் திவ்யா வந்து பார்த்திருக்கிறாள். பெட்டியில் வெளிச்சம் இல்லை. முன்னால் சந்தனமும் குங்குமமும் இருக்கின்றன. அவள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அவள் அப்பா பூசை போட்ட லாரியை மறுநாள்தான் எடுப்பார். பூசை போட்டதைத் தொட்டால் தோஷம் என்று அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பயோகெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கிய பெண். ஐந்து மணிக்கே கட்டடத்து ஏர்கானும் நின்றுவிடும். மலாக்காச் சூட்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த பவானி முதலில் பார்த்தது அணைந்து கிடந்த பெட்டியைத்தான். பெட்டியைப் போட்டாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கணினியில் இங்கிலீஷில் பதிவதெல்லாம் திவ்யாவின் வேலை. பவானி ஒற்றைக்கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வாள். தமிழ்ப்பள்ளியில் எண்ணக் கற்றவளுக்குத் தமிழில்தான் எண்ணிக்கை தப்பாது. அன்று இப்படி எழுதினாள்: 'நேற்று 3.00 மணி பூசை, பெட்டியை நிறுத்தினேன். போடாமல் போனேன். தப்பு என்னுடையது. இன்று காலை 7.05க்குப் போட்டேன்.' திவ்யா பார்த்தும் போடாமல் போனதை, அவளே வந்து சொன்ன பிறகும், பவானி எழுதவில்லை. படிக்கிற பிள்ளை, எதற்கு என்று விட்டுவிட்டாள்.

காண்டீபன் வந்ததும் நடைவழியிலேயே போய்ச் சொன்னாள். திவ்யாவும் பக்கத்தில் நின்றாள்.

"சார், பெட்டிய நான் போடாம போயிட்டேன் சார். ராத்திரி பூரா சூடு. புழு உள்ள இருந்துச்சு."

அவர் நெற்றியைத் தடவினார். "அம்மாவுக்கு எப்பிடி இருக்கு? சரி, விடுங்கோ. அந்த பிளேட் எல்லாத்தையும் எறிஞ்சு போடுங்கோ. ஃப்ரெஷ்ஷா தொடங்குவம்."

அதையும் எழுதினாள்: '8.10க்கு சாரிடம் சொன்னேன். பிளேட்டை எறியச் சொன்னார்.'

அத்தோடு எறிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று மதியம் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று பவானி லீவு போட்டாள், பிளேட்டுகள் எறியாமல் கிடந்தன. குட்டிகள் தாயாகிற சமயம், ஞாயிற்றுக்கிழமை, திவ்யா சும்மா ஒரு பிளேட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நாற்பத்தொன்றின் வயிறு நெடுகப் புடைப்புகள் நின்றன. நூறில் முப்பத்து நான்கு. அதே பெட்டியில் அதே சூட்டில் கிடந்த சாதாரணப் புழுக்களுக்கு எப்போதும் போல ஒரே வழி.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். பவானி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"சார், அது சூட்டுல இருந்த பிளேட்டு சார்."

"சூடு என்றால் நோர்மல் புழுவுக்கும் வந்திருக்க வேணும்தானே? வரேல்லை. அப்ப எங்கட மியூட்டேஷன்தான் செய்யுது."

பவானி யோசித்தாள். "அப்படின்னா நாப்பத்தொண்ணுக்கு மட்டும் சூடு ஆகாது போல சார். குளிர்ல இருக்கிறப்ப அதோட பாஸ்பட்டேஸ் சரியா வேல செய்யுது, சூடு வந்தா தாங்காம போயிடுது. ஒரு பிளேட்ட குளிர்ல, ஒரு பிளேட்ட சூட்டுல வெச்சு பாத்திருவோமா?"

பத்தாண்டு படித்தவர்கள் கேட்கவேண்டிய கேள்வி அது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெண்ணின் வாயிலிருந்து வந்ததுதான் அதன் குற்றம். காண்டீபன் சிரித்தார். "நீங்கள் புழுவைப் பாருங்கோ பவானி. தியரியை நாங்கள் பார்க்கிறம்."

இருபது டிகிரியில் மறுபடி வளர்த்தார்கள். நூறில் ஒன்றுக்குக்கூடப் புடைப்பு இல்லை. இன்னொரு முறை. இல்லை. 'சரியாக எண்ணவில்லை' என்று அவளிடமே சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அவள் கண்ணைப் பார்த்து யாரும் சொல்லாத சொல் அது; அவளுக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தக் கொப்பியை என்னட்ட தந்து வையுங்கோ. ரெக்கோர்ட் எல்லாம் ஒரே இடத்தில இருந்தால் நல்லது."

நோட்டைக் கொடுத்துவிட்டாள். ஏன் கொடுத்தாய் என்று விமலன் பிறகு கத்தினான். அவளுக்கே தெரியவில்லை. அவள் பாட்டனும் அப்பனும் கிராணி கை நீட்டினால் கையில் இருப்பதைக் கொடுத்துப் பழகியவர்கள். பவானிக்கும் கை தானாகவே நீண்டுவிட்டது.

அடுத்த வருடம் கட்டுரை வெளியானது. அந்த ஒரு ராத்திரி ஒரே பெட்டியில் கிடந்த பன்னிரண்டு பிளேட்டுகள், நான்கு நான்காகப் பிரிந்து, மூன்று வெவ்வேறு தேதியில் நடந்த மூன்று சோதனைகளாக அதில் உட்கார்ந்திருந்தன. பிளேட்டின் அடியில் தேதி எழுதியவள் பவானி. அவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்தில், அவள் பெயர் அச்சாகியிருந்தது. பதின்மூன்று வருடத்தில் முதல் முறை. அந்தப் பக்கத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தாள். வாயைத் திறக்காததற்கு அவள் வாங்கிக்கொண்டது அவ்வளவுதான். நான் அவளை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காண்டீபன் பேராசிரியர் ஆனார். பிறகு ஏதோ ஒரு குளிர்தேசத்து ஆய்வுக்கூடத்திலிருந்து நாற்பத்தொன்றைக் கேட்டு வாங்கினார்கள். இருபது டிகிரியில் வளர்த்தார்கள். ஒரு புடைப்பும் இல்லை. கடிதம் வந்தது, இரண்டாவது கடிதம் வந்தது, கடைசியில் விசாரணைக் குழு வந்தது.

குழுவில் தலைவியாக ஒரு மலாய்க்கார அம்மா, பக்கத்தில் இரண்டு சீனர்கள். பவானியை உள்ளே கூப்பிட்டபோது காண்டீபனும் திவ்யாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் அவளுடைய நோட்டுப் புத்தகம். பூனை அட்டை போட்ட அந்த நோட்டை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உண்மை முழுக்க அதில்தானே இருக்கிறது.

குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. தலைவி, படித்துச் சொல்லும்படி காண்டீபனைக் கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலாயில் நிதானமாகச் சொன்னார்: மூன்று மணிக்குப் பூசைக்காகப் பெட்டியை நிறுத்தினேன், போடாமல் போனேன், தப்பு என்னுடையது. புத்தகத்தை மூடினார். எனக்கு இது இப்போதுதான் தெரியவந்தது, நான் அதிர்ந்துபோனேன் என்றார்.

பவானி நோட்டின் பக்கம் விரல் நீட்டினாள். "சார், கீழ இன்னும் இருக்கு சார். அதையும் படிங்க" என்றாள் தமிழில். அவர் நிமிரவில்லை. அவள் மலாய்க்கு மாறினாள்: அடுத்த வரியில், எட்டுப் பத்துக்கு அவரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறேன், பிளேட்டை எறியச் சொன்னார் என்றும் இருக்கிறது.

"மிச்சமெல்லாம் பூசைச் சாமான், அவருடைய வீட்டு விஷயம்" என்று அவர் மலாயில் சொல்லிவிட்டார்.

தலைவி திவ்யாவின் பக்கம் திரும்பினாள். "நீ தமிழ்ப் பெண்தானே? உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, டாக்டர்" என்றாள் திவ்யா.

அது பொய்யில்லை. அந்தக் காலையில் நடைவழியில் நீ நின்றாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவள் சொல்லவில்லை. பவானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு நீ பார்த்துவிட்டுப் போடாமல் போனாயே என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். நோட்டை மொழிபெயர்ப்புக்கு அனுப்புவதாகத் தலைவி சொன்னாள். அனுப்பினார்களோ இல்லையோ, டிசம்பரோடு பவானியின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உதவியாளர் ஒருவர் மதச் சடங்கிற்காக அனுமதியின்றி மின்சாரத்தை நிறுத்தியதே காரணம் என்று அறிவிப்பு வந்தது. இணையத்தில் அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறுக்கே சிவப்பெழுத்து. கடைசிப் பக்கத்தில் அது சரியாக அவள் பெயரின் மேலேயே ஓடியது. சாமி மேடைப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் உறையை விமலன்தான் எடுத்து உள்ளே வைத்தான்.

காண்டீபன் இன்றும் பேராசிரியர்தான்.

பவானிக்குச் செங் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் சிப்பைப் பார்த்து விரிசல் இருந்தால் ஒதுக்கவேண்டும். சிப் நெளியாது, முட்டை போடாது. எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் திவ்யா ஃபேக்டரி வாசலில் வந்து நின்றாள். எதிர்க்கடையில் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, போனை நீட்டினாள்.

"அக்கா, அந்த வெளிநாட்டு லேப் பேப்பர் போட்டிருக்காங்க. நாப்பத்தொண்ணு சூடு தாங்காதாம். இருவது டிகிரில பாஸ்பட்டேஸ் ஓகே. இருவத்தாறுல போயிடுது. எந்த ஸ்டேஜ்ல சூடு குடுக்கிறோமோ, எக்ஸாக்டா அந்த ஸ்டேஜ்ல அந்த பாஸ்பட்டேஸ் பிரேக்க எடுத்துவிடலாமாம். இப்ப எல்லா லேபும் அந்தப் புழுவ கேக்குறாங்க." குரல் இறங்கியது. "நீங்க கேக் சாப்பிட்டுக்கிட்டே சொன்னதுதான்க்கா."

பவானி போனைப் பார்த்தாள். படத்தில் நாற்பத்தொன்று, வயிறு நெடுகப் புடைப்புகளோடு. அவள் கையால் வளர்ந்த வம்சம். பேப்பரில் இருந்த ஒன்பது பெயரில் ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த பெயரில்லை.

"அவங்ககிட்ட சொன்னியா? நான் சொன்னேன்னு?"

"இல்லக்கா."

"கமிட்டிகிட்ட?"

திவ்யா அழுதாள். "என் தீசிஸ் சார் கையில இருந்துச்சுக்கா. நான் என்னா செய்ய? உள்ளுக்குள்ளேயே வெச்சு வெச்சு என்னைய தின்னுது, தூங்க முடியல."

"வழி இல்லாத புழுவ பாத்திருக்கல்ல? குட்டிங்க உள்ளேயே பொரிஞ்சு அத தின்னும். பாவம், அதுக்கு வழி இல்ல" என்றாள் பவானி. "உனக்கு வாய் இருந்துச்சு லா."

திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தையும் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் இருக்கிற நாற்பத்தொன்றில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். சுத்தம் செய்து காப்பாற்ற யாருக்கும் கை வரவில்லையாம். ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து பார்க்கமுடியுமா? சாருக்குத் தெரியவேண்டாம்.

பவானி தே தாரிக்கைத் தொடாமல் எழுந்தாள். "ஷிஃப்ட் ஆரம்பிச்சிரும்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போய்விட்டாள்.

அந்த அக்டோபரில் ஃபேக்டரியிலும் ஆயுத பூசை வந்தது. தமிழ்ப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்து மெஷினுக்கு மாலை போட்டார்கள். வயதில் மூத்தவள் என்று கற்பூரத் தட்டைப் பவானியிடம் கொடுத்தார்கள். அவள் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். சுவிட்சின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவனையே அணைக்கச் சொன்னாள். கற்பூரம் அணைந்ததும் அவனையே போடச் சொன்னாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, மூன்று மணிக்கு மெஷின் நிறுத்தப்பட்டது, மூன்று ஐந்துக்கு மறுபடி போடப்பட்டது, இரண்டையும் செய்தவர் சூப்பர்வைசர் என்று எழுதி, அடியில் அவனிடம் கையெழுத்து வாங்கினாள்.

பக்கத்தில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, தமிழ்ல அவ்வளவு அழகா எழுதுவீங்கன்னு சொன்னாங்க. மலாய்ல எழுதியிருக்கீங்க?"

"மலாய்ல எழுதினா எல்லாரும் கடைசி வரி வரைக்கும் படிப்பாங்க" என்றாள் பவானி. நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, சுண்டல் வாங்குகிற வரிசையில் போய் நின்றாள்.